குழந்தையின் கண்ணில் 'பூ' விழுந்திருக்கா? ஒன்றரை மாத ஊசிக்குள் ஏன் காட்ட வேண்டும்... மதுரை ஆய்வுகள் சொல்வது என்ன?

பிறந்து இருபது நாள் ஆன குழந்தை. குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, இளவெயிலில் மடியில் போட்டிருக்கும்போது பாட்டியின் கண்ணில் அது படுகிறது. கண்ணின் நடுவில் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் பால் சொட்டு மாதிரி ஒரு வெள்ளை. "கண்ணுல பூ விழுந்துருக்கு போல" என்கிறார்.

அடுத்து அந்த வீட்டில் என்ன முடிவு எடுக்கிறார்கள் என்பதில்தான் குழந்தையின் பார்வை இருக்கிறது. "தலை நிக்கட்டும், மூணு மாசம் கழிச்சு காட்டலாம்" என்று ஒருவர் சொல்லலாம். "தாய்ப்பால் ரெண்டு சொட்டு விடு, சரியாயிரும்" என்று இன்னொருவர் சொல்லலாம். தாய்ப்பாலைக் கண்ணில் விடுவதால் வெள்ளை போகாது, கிருமித் தொற்றுகூட வரலாம். மூன்று மாதம் காத்திருப்பது அதைவிடப் பெரிய இழப்பு.

தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் இது நடக்கும். ஆனால் தேனி, கம்பம் பகுதி மக்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு நெருக்கம் உண்டு. குழந்தைகளின் கண்புரை ஏன் வருகிறது, எப்படி அறுவை சிகிச்சை செய்தால் நிலைக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் 1990-களில் முக்கியமான ஆய்வுகள் நடந்தது இங்கிருந்து சுமார் 75 கி.மீ. தூரத்தில், மதுரையில்தான்.

'பூ' என்றால் என்ன?

ஊரில் 'பூ' என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு பிரச்னைகளைச் சொல்கிறோம்.

முதலாவது, கருவிழியில் விழும் தழும்பு. புண் ஆறிய இடத்தில் வருவது. கண்ணின் மேல்பரப்பில், கண்ணாடி மேல் ஒட்டிய சுண்ணாம்பு போல இருக்கும். இரண்டாவது, கண்புரை. கண்ணுக்கு உள்ளே, கறுப்பு வட்டத்துக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் வெளுத்துப் போவது. தாத்தாவுக்கு வரும் அதே புரைதான், குழந்தைக்குப் பிறக்கும்போதே இருக்கலாம். மூன்றாவது, அரிதானது, ஆனால் உயிருக்கே ஆபத்தானது. விழித்திரையில் வரும் புற்றுநோய். இதிலும் கண்ணின் நடுவில் வெள்ளையாக, சில நேரம் பூனைக்கண் மாதிரி மின்னும்.

இந்த மூன்றையும் வீட்டில் இருந்தபடி பிரித்துச் சொல்ல முடியாது. டார்ச் அடித்துப் பார்த்தும் முடியாது. அதனால்தான் கண் மருத்துவர்கள், குழந்தையின் கண் நடுவில் வெள்ளை தெரிந்தால் அது என்னவாக இருந்தாலும் அவசரம்தான் என்கிறார்கள்.

பிறவிக் கண்புரை அடிக்கடி வருவது அல்ல. வளர்ந்த நாடுகளில் 10,000 பிறப்புகளுக்கு 1 முதல் 6 குழந்தைகள் வரை என்பது மருத்துவ உலகின் கணக்கு. ஏழை நாடுகளில் இன்னும் அதிகம். உலகம் முழுக்க சுமார் 2 லட்சம் குழந்தைகள் கண்புரையால் பார்வையற்று இருப்பதாக 1990-களில் மதிப்பிடப்பட்டது. இதில் வேதனை என்னவென்றால், குழந்தைகளின் பார்வையின்மைக்கான காரணங்களில் சிகிச்சையால் சரிசெய்யக்கூடியவற்றில் முதலிடம் இதற்குத்தான்.

தாத்தாவுக்குக் காத்திருக்கலாம், பேரனுக்கு ஏன் கூடாது?

அறுபது வயதில் புரை வந்தவர் "பொங்கல் கழியட்டும், அறுப்பு முடியட்டும்" என்று தள்ளிப் போடலாம். ஆறு மாதம் கழித்து ஆபரேஷன் செய்தாலும் பார்வை திரும்பிவிடும். காரணம், அவருடைய மூளை ஏற்கெனவே பார்க்கக் கற்றுக்கொண்டது.

பிறந்த குழந்தையின் மூளை இன்னும் பார்க்கக் கற்கவில்லை. கண் படம் எடுக்கும். அதை அம்மாவின் முகம் என்று புரிந்துகொள்வது மூளை. அந்த இணைப்புகள் பிறந்த முதல் வாரங்களிலேயே வேகமாக உருவாகின்றன. அந்த நேரத்தில் புரை வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருந்தால், அந்தக் கண்ணை மூளை ஒதுக்கிவிடும். பிறகு புரையை எடுத்து, கண்ணைக் கண்ணாடி மாதிரி தெளிவாக்கிக் கொடுத்தாலும் மூளை அதைக் கண்டுகொள்வது கஷ்டம். இதைத்தான் மருத்துவர்கள் 'சோம்பேறிக் கண்' என்கிறார்கள்.

இதை உலகுக்கு நிரூபித்தவர்கள் டேவிட் ஹூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு விஞ்ஞானிகள். 1960-களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை ஆரம்ப நாட்களில் மூடி வைத்து, பிறகு திறந்து பார்த்தார்கள். கண்ணில் குறை எதுவும் இல்லை. ஆனால் மூளையின் பார்வைப் பகுதி அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லவே இல்லை. இந்த ஆராய்ச்சிகளுக்காக 1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் இதற்குக் கணக்கே சொல்கின்றன. ஒரு கண்ணில் மட்டும் அடர்த்தியான பிறவிப் புரை என்றால், 6 வாரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் பலன் அதிகம். இரண்டு கண்ணிலும் என்றால் சுமார் 8 வாரம். கேட்கும்போது வினோதமாகத் தோன்றும். ஒரு கண் நன்றாக இருக்கும் குழந்தைக்குத்தானே அவகாசம் அதிகம் என்று நினைப்போம். நிஜம் தலைகீழ். நல்ல கண் ஒன்று இருந்தால், மூளை அதையே பிடித்துக்கொண்டு மற்றதைச் சீக்கிரம் கைவிட்டுவிடுகிறது. வீட்டிலும் யாருக்கும் சந்தேகம் வராது, குழந்தை சிரிக்கும், பொம்மையைப் பிடிக்கும்.

இப்போது இன்னொரு உண்மையைப் பார்ப்போம். இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, பிறவிக் கண்புரை உள்ள குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை நடந்த சராசரி வயது சுமார் 4. வாரக்கணக்கில் முடிய வேண்டிய வேலை வருடக்கணக்கில் இழுக்கிறது.

மதுரையில் 514 குழந்தைகள்

'ஏன் வந்துச்சு?' என்பதுதான் எந்தப் பெற்றோரும் கேட்கும் முதல் கேள்வி. கிரகணத்தில் வெளியே வந்தது, சொந்தத்தில் கல்யாணம் முடித்தது, யாரோ கண் வைத்தது என்று ஆளுக்கொரு பதில் கிடைக்கும். பெரும்பாலும் பழி அம்மா மேல்தான் விழும்.

1990-களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவும் லண்டன் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து இதை முறைப்படி ஆராய்ந்தார்கள். மைக்கேல் எக்ஸ்டீன், மருத்துவர் பி.விஜயலட்சுமி, கிளேர் கில்பர்ட், ஆலன் ஃபாஸ்டர் உள்ளிட்டோர் நடத்திய இந்த ஆய்வு 1996-ல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் வெளியானது. கண்புரையோடு வந்த 514 குழந்தைகளை வரிசையாக எடுத்துக்கொண்டார்கள். யாரையும் பொறுக்கி எடுக்கவில்லை என்பது முக்கியம். கண் பரிசோதனை, குடும்ப வரலாறு, கர்ப்ப காலத்தில் அம்மாவுக்கு என்ன காய்ச்சல் வந்தது, ரத்தப் பரிசோதனை என எல்லாம் பதிவானது.

514 பேரில் 148 குழந்தைகளுக்குப் புரை வந்தது அடிபட்டதால். மீதி 366 பேரில் 25% பேருக்குப் பரம்பரை. 15% பேருக்குக் காரணம், கருவில் இருக்கும்போது தாக்கிய ரூபெல்லா வைரஸ். பாதிப் பேருக்கு, அதாவது 51%-க்கு, காரணத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மட்டும் தனியாகப் பார்த்தபோது ரூபெல்லாவின் பங்கு 25% ஆக உயர்ந்தது. அதாவது கைக்குழந்தைகளில் நாலில் ஒன்று. இன்னொரு விஷயமும் தெரிந்தது. இந்த வயதில் லென்ஸின் நடுக்கருவில் மட்டும் புரை இருந்தால், நான்கில் மூன்று பேருக்கு அது ரூபெல்லாதான். விலை உயர்ந்த லேப் வசதி இல்லாத இடத்திலும் புரையின் வடிவத்தைப் பார்த்தே மருத்துவர் உஷாராகிவிடலாம் என்பதால் இது பெரிய துப்பு.

சொந்தத்தில் கல்யாணம் பற்றி ஒரு வார்த்தை. தவிர்க்கக்கூடிய காரணங்கள் என்று ஆய்வாளர்கள் குறிப்பிட்ட பரம்பரை வகை, பெற்றோரில் ஒருவருக்கு அந்த மரபணு இருந்தாலே குழந்தைக்கு வரக்கூடியது. அதற்கு அத்தை மகளையோ மாமன் மகனையோ கட்டியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதனால் வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் கண் ஆபரேஷன் நடந்திருந்தால், அடுத்து பிறக்கும் குழந்தையைப் பிறந்த வாரத்திலேயே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ரூபெல்லா: அம்மாவுக்கு லேசான காய்ச்சல், குழந்தைக்கு ஆயுள் தண்டனை

ரூபெல்லா வந்தால் பெரியவர்களுக்கு லேசான காய்ச்சல், இரண்டு மூன்று நாள் சிவப்புத் தடிப்பு, அவ்வளவுதான். பலருக்கு வந்து போனதே தெரியாது. ஆனால் கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் வந்தால், கருவுக்கு வைரஸ் போய்ச் சேர 90% வரை வாய்ப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கண்ணில் புரை, காது கேளாமை, இதயத்தில் குறைபாடு என மூன்று இடங்களில் அடிக்கும்.

இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவின் சிட்னியைச் சேர்ந்த நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர். 1941-ல் திடீரென்று புரையோடு பிறந்த குழந்தைகள் வரிசையாக வந்தார்கள். அவர் தொகுத்த 78 குழந்தைகளில் 68 பேரின் அம்மாக்களுக்குக் கர்ப்பத்தின்போது ரூபெல்லா வந்திருந்தது. கருவில் இருக்கும் குழந்தையை வைரஸ் ஊனப்படுத்தும் என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை.

மதுரை ஆய்வு வெளியான காலத்தில் இந்தியாவின் அரசு தடுப்பூசி அட்டவணையில் ரூபெல்லா இல்லை. அதற்கு இருபது ஆண்டுகள் ஆனது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை - ரூபெல்லா (எம்.ஆர்.) தடுப்பூசி இயக்கம் முதல் கட்டமாகத் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும் ஒரு ஊசி. அப்போது வாட்ஸ்அப்பில் பறந்த வதந்திகள் நினைவிருக்கலாம். "ஸ்கூல்ல ஊசி போடறாங்களாம், பிள்ளையை அனுப்பாதீங்க" என்று குரல் பதிவுகள் சுற்றின. அன்று பயந்து பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டவர்களின் மகள்கள் சிலர் இன்று கல்யாண வயதில் இருக்கிறார்கள்.

இப்போது எம்.ஆர். ஊசி வழக்கமான அட்டவணையிலேயே இருக்கிறது. 9-12 மாதத்தில் ஒன்று, 16-24 மாதத்தில் ஒன்று. அப்போது விடுபட்ட பெண்கள் கர்ப்பம் தரிக்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். போட்ட பிறகு ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி போடக் கூடாது.

ரூபெல்லாவோடு பிறந்த குழந்தையை ஆபரேஷன் டேபிளில் படுக்க வைப்பதற்கு முன் இதயத்தையும் பார்த்தாக வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும்போது இதயக் குறைபாடு பெரிய சிக்கலாகலாம். அந்தக் குழந்தையின் சளியிலும் சிறுநீரிலும் ஒரு வருடம் வரைகூட வைரஸ் வெளியேறலாம். அதனால் தடுப்பூசி போடாத கர்ப்பிணிகள் அந்தக் குழந்தையைத் தூக்காமல் இருப்பது நல்லது. இதைச் சொல்வது குழந்தையை ஒதுக்குவதற்கு அல்ல, அடுத்த குழந்தையைக் காப்பாற்ற.

ஒரு கண்ணுக்கு ஒரு முறை, மறு கண்ணுக்கு வேறு முறை

புரையை எடுக்க வேண்டும், சரி. எப்படி எடுப்பது?

பெரியவர்களுக்கு லென்ஸின் உள்ளே இருக்கும் வெளுத்த பகுதியை எடுத்துவிட்டு, அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையை அப்படியே விட்டு, அதற்குள் செயற்கை லென்ஸை வைப்பார்கள். குழந்தையிடம் இதையே செய்தால் ஒரு தொல்லை. குழந்தையின் உடம்பு எதையும் வேகமாக வளர்க்கும், மிச்சமிருக்கும் செல்களையும் சேர்த்து. விட்டுவைத்த உறை சில மாதங்களில் மறுபடி வெளுத்து மூடிவிடும். திரும்ப மயக்க மருந்து, திரும்ப ஆபரேஷன்.

அதே மதுரைக் குழு இதற்கும் ஒரு சோதனை நடத்தியது. 1999-ல் முடிவுகள் வெளியாயின. இரண்டு கண்ணிலும் புரை இருந்த 65 குழந்தைகள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கண்ணில் புரையை உறிஞ்சி எடுத்து, உறையில் திறப்பு மட்டும் போட்டார்கள். மறு கண்ணில் லென்ஸையும் உறையையும் சேர்த்து வெட்டி அகற்றும் கருவியால் எடுத்தார்கள். எந்தக் கண்ணுக்கு எந்த முறை என்பது குலுக்கல் முறையில் முடிவானது.

இந்த ஏற்பாட்டில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இரண்டு முறைகளை இரண்டு வெவ்வேறு குழந்தைகளிடம் ஒப்பிட்டால், ஒருவன் சத்தாகச் சாப்பிட்டவன், இன்னொருவன் மருந்து ஒழுங்காகப் போடாதவன் என்று ஆயிரம் வித்தியாசம் குறுக்கே வரும். ஒரே குழந்தையின் இரண்டு கண்கள் என்றால் வீடும் ஒன்று, அம்மாவும் ஒன்று, சொட்டு மருந்தும் ஒன்று. வித்தியாசம் ஆபரேஷனில் மட்டும்தான்.

மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். உறையை விட்டுவைத்த கண்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மறுபடி மூடிக்கொண்டு இன்னொரு சிகிச்சை தேவைப்பட்டது. உறையையும் சேர்த்து எடுத்த கண்களில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. மறுபரிசோதனைக்குத் திரும்பி வருவாரா என்று உறுதி சொல்ல முடியாத ஏழைக் குடும்பத்துக் குழந்தைக்கு, ஒரே ஆபரேஷனில் முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை விளக்கத் தேவையில்லை.

இன்று மருத்துவர்கள் பெரும்பாலும் உறையின் பின்பக்கத்தில் திறப்பு போட்டு, அதற்குப் பின்னால் இருக்கும் ஜெல்லியின் ஒரு பகுதியையும் எடுத்துவிடுகிறார்கள். உறையின் ஓரம் மட்டும் நிற்கும். பின்னாளில் செயற்கை லென்ஸ் வைக்க அது உதவும்.

லென்ஸை உடனே வைக்கலாமா?

பெற்றோர் எல்லோரும் கேட்பது இதைத்தான். "எங்க அப்பாவுக்கு அன்னைக்கே லென்ஸ் வச்சாங்களே, பிள்ளைக்கு ஏன் வைக்கல?"

பிறந்த குழந்தையின் கண், முன்னிருந்து பின்னாக சுமார் 17 மில்லிமீட்டர் நீளம். பெரியவர்களுக்கு 23-24. கண் வளர வளர, தேவைப்படும் பவர் மாறிக்கொண்டே போகும். இன்று சரியான லென்ஸ் இரண்டு வருடத்தில் தப்பான லென்ஸ் ஆகிவிடும். தீபாவளிக்கு எடுத்த சட்டை பொங்கலுக்குப் பத்தாத கதைதான், ஆனால் சட்டையைப் போலக் கண்ணுக்குள் இருப்பதைச் சுலபமாக மாற்ற முடியாது.

அமெரிக்காவில் 2004-ல் தொடங்கிய ஒரு பெரிய சோதனை இதை நேரடியாக ஆராய்ந்தது. ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்த, 1 முதல் 7 மாதத்துக்கு உட்பட்ட 114 குழந்தைகள். பாதிப் பேருக்கு உடனே செயற்கை லென்ஸ், மீதிப் பேருக்கு கான்டாக்ட் லென்ஸ். நாலரை வயதில் பார்த்தால், இரு குழுவின் பார்வைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உள்ளே லென்ஸ் வைத்தவர்களில் 72% பேருக்குக் கூடுதல் ஆபரேஷன் தேவைப்பட்டது. கான்டாக்ட் லென்ஸ் குழுவில் 21%.

அதற்காக 'கைக்குழந்தைக்கு லென்ஸே கூடாது' என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. பச்சிளம் குழந்தையின் கண்ணில் தினமும் கான்டாக்ட் லென்ஸைப் போட்டு எடுத்துச் சுத்தம் செய்வது அமெரிக்க வீட்டில் ஒரு கதை, வாழைத்தோப்பு வேலைக்குப் போகும் கம்பம் வீட்டில் வேறு கதை. அகமதாபாத்தில் மருத்துவர் அபய் வசவடா குழு, இரண்டு கண்ணிலும் புரை இருந்த, 2 வயது வரையிலான 60 குழந்தைகளை 5 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. நல்ல கைதேர்ந்த நிபுணர் செய்தால், லென்ஸ் வைத்த குழந்தைகளுக்கும் வைக்காதவர்களுக்கும் கண் அழுத்த நோய் வருவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. ஆக, குழந்தையின் வயது, ஒரு கண்ணா இரண்டு கண்ணா, வீட்டுச் சூழல் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் முடிவெடுப்பார். மிகச் சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முதலில் தடித்த கண்ணாடி, வளர்ந்த பிறகு லென்ஸ்.

அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் பல வீடுகளில் அழுகை. கைக்குழந்தைக்கு +20 அளவு பவர்கூட வரும். சோடா பாட்டில் கண்ணாடி மாதிரி இருக்கும், ரப்பர் பட்டையால் தலையில் கட்ட வேண்டும். 'பொம்பளப் பிள்ளைக்கு இப்படிக் கண்ணாடியா' என்று கழற்றி அலமாரியில் வைத்துவிடுபவர்கள் உண்டு. அன்றைக்கு ஆபரேஷன் செய்ததே வீண். லென்ஸை எடுத்த கண்ணுக்கு அந்தக் கண்ணாடிதான் லென்ஸ்.

தேனியில் என்ன இருக்கிறது?

மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளோடு மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த், மதுரைக்கு வெளியே அடுத்த மருத்துவமனையைத் திறந்தது தேனியில்தான், 1985-ல். அப்போது தேனி தனி மாவட்டம்கூட இல்லை.

2000-களின் நடுவில் தேனிக்கு இன்னொரு பெருமையும் வந்தது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அரவிந்தோடு சேர்ந்து, தேனி மருத்துவமனையைச் சுற்றியுள்ள அம்பாசமுத்திரம், ஆண்டிப்பட்டி, போடி, சின்னமனூர், பெரியகுளம் ஆகிய ஐந்து பார்வை மையங்களை நீண்ட தூர வைஃபை மூலம் இணைத்தார்கள். இந்த அம்பாசமுத்திரம், தேனிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்; நெல்லைக்காரர்கள் குழம்ப வேண்டாம். மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார், தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியிடம் பேசுவார். வீடியோ கால் நம் ஊர் போன்களுக்கு வருவதற்கு முந்தைய காலம் அது.

பச்சிளம் குழந்தைக்கு ஆபரேஷன் பார்வை மையத்தில் நடக்காது. குழந்தைகளுக்கான மயக்க மருந்து நிபுணர், தனிக் கருவிகள், குழந்தைகள் கண் சிறப்பு மருத்துவர் எல்லாம் சேர்ந்த பெரிய மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள். ஆனால் 'இது சாதாரணமா, அவசரமா' என்ற பதில் பக்கத்து ஊரிலேயே கிடைத்துவிட்டால், மூன்று மாதம் மூன்று நாளாகச் சுருங்கும்.

அரசு பக்கம் ஆர்.பி.எஸ்.கே என்ற சிறார் நலத் திட்டம் 2013-ல் தொடங்கியது. பிறந்தது முதல் 18 வயது வரையான குழந்தைகளுக்கு இதில் பரிசோதனை. கண்டுபிடிக்க வேண்டிய பிறவிக் குறைபாடுகள் பட்டியலில் கண்புரையும் உண்டு. பிரசவமான மருத்துவமனையிலேயே முதல் பரிசோதனை. பிறகு அங்கன்வாடியில் வருடத்துக்கு இரண்டு முறை, பள்ளியில் ஒரு முறை. இதில் கண்டுபிடிக்கப்படும் குழந்தைக்கு அறுவை சிகிச்சை உட்பட இலவசம். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை குழந்தைகள் பிரிவிலோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்கலாம்.

எல்லாம் இருந்தும் எங்கே ஓட்டை? ஆபரேஷனுக்குப் பிறகுதான். விடியற்காலையில் கம்பத்திலும் கூடலூரிலும் இருந்து ஜீப்களில் ஏலத்தோட்ட வேலைக்கு மலை ஏறுகிற பெண்களில் பலர் சின்னக் குழந்தையின் அம்மாக்கள். கம்பத்தில் இருந்து தேனிக்கு சுமார் 40 கி.மீ., மதுரைக்கு நூறுக்கு மேல். மறுபரிசோதனை என்றால் ஒரு நாள் கூலி போச்சு, கூட வரும் ஆளின் கூலியும் போச்சு. ஆபரேஷன் இலவசம் என்றாலும் இந்தக் கணக்கு இலவசம் இல்லை. முதல் இரண்டு முறை வருவார்கள், "பிள்ளை நல்லாத்தான இருக்கு" என்று மூன்றாவது முறை நின்றுவிடுவார்கள். கண் அழுத்த நோய் சத்தமில்லாமல் வருவது அந்த இடைவெளியில்தான். புரை எடுத்த குழந்தைக்கு அது எத்தனை வருடம் கழித்தும் வரலாம் என்பதால் பரிசோதனை ஆயுளுக்கும் தேவை. வர முடியாத மாதத்தில், பக்கத்துப் பார்வை மையத்தில் காட்ட முடியுமா என்று முதல் நாளே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டில் எதைக் கவனிக்கலாம்?

மருத்துவமனையில் செய்வது எளிய சோதனை. இருட்டு அறையில், ஒரு சிறு கருவியால் குழந்தையின் இரு கண்ணிலும் வெளிச்சம் பாய்ச்சிப் பார்ப்பார்கள். உள்ளே இருந்து செம்மஞ்சள் ஒளி திரும்பி வந்தால் வழி தெளிவாக இருக்கிறது. ஒரு கண்ணில் மங்கலாகவோ, கறுப்பாகவோ, வெள்ளையாகவோ வந்தால் ஏதோ மறைக்கிறது. ஊசி போடும் நேரத்தைவிடக் குறைவான நேரம்தான் ஆகும். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் "கண்ணுல லைட் அடிச்சுப் பாத்தாச்சா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

போன் ஃபிளாஷில் எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் இன்னொன்று வெள்ளையாகவும் தெரிந்தால், அந்தப் படத்தை அழிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கேமரா கோணத்தாலும் அப்படி வரும், அதனால் பயந்துவிட வேண்டியதில்லை. ஆனால் விழித்திரைப் புற்றுநோயைக்கூட இப்படிப் படத்தில் முதலில் கவனித்த பெற்றோர் உலகம் முழுக்க உண்டு. படம் சரியாக இருந்தால் கண்ணும் சரியாக இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு மூன்று மாதம் ஆகியும் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை, விளக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை, கண் நிலையில்லாமல் ஆடிக்கொண்டே இருக்கிறது, ஒரு கண் மட்டும் ஒதுங்கி மாறுகண்ணாகப் போகிறது என்றால் தாமதிக்காதீர்கள். கண் ஆட ஆரம்பித்துவிட்டால் நேரம் கொஞ்சம் தாண்டிவிட்டது என்றே மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

எப்படியும் ஒன்றரை மாதத்தில் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போகத்தான் போகிறீர்கள். ஒன்றரை மாதம் என்பது 6 வாரம். ஒரு கண் புரைக்கு மருத்துவர்கள் சொல்லும் அதே 6 வாரம். அன்றைக்குத்தான் காட்ட வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம், ஆனால் அன்றைக்கும் காட்டாமல் திரும்பி வந்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே நேரம் தாண்டிவிட்டால்?

"இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று யாராவது சொல்லி, ஐந்து வயதுப் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்கும் குடும்பங்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா டெல்லியில் நடத்தும் 'பிரகாஷ்' திட்டத்தில், பிறவியிலேயே இரண்டு கண்ணிலும் புரையோடு, எட்டு வயதுக்கும் மேல் ஆன பிள்ளைகளுக்குக்கூட அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அவர்களுக்கு முழுப் பார்வை வரவில்லை. சிறிய எழுத்துகளைப் படிப்பது பலருக்குக் கடைசி வரை சிரமம்தான். ஆனால் பலர் முகங்களை அடையாளம் காணவும், யார் கையையும் பிடிக்காமல் நடக்கவும் கற்றுக்கொண்டார்கள். ஆபரேஷன் முடிந்த உடனே, கையால் தடவிப் பழகிய ஒரு பொருளை எதிரே வைத்தால் கண்ணால் மட்டும் பார்த்து அது எதுவென்று அவர்களால் சொல்ல முடியவில்லை. சில நாட்களிலேயே அந்தத் திறன் வர ஆரம்பித்தது.

ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்து தாமதமான குழந்தைகளுக்கு வேலை இன்னும் அதிகம். நல்ல கண்ணை தினமும் சில மணி நேரம் பட்டி போட்டு மூடி, குறைப்பட்ட கண்ணைப் பார்க்க வைக்க வேண்டும். குழந்தை பிய்த்து எறியும், அழும். எத்தனை மணி நேரம் மூடுவது என்பதை மருத்துவர் வயதுக்கு ஏற்பச் சொல்வார். நல்ல கண்ணை அளவுக்கு மீறி மூடினால் அதுவும் கெடலாம் என்பதால், சீக்கிரம் சரியாகட்டும் என்று நாள் முழுக்க மூடி வைக்கக் கூடாது.